ஜன்னலோர வாசகர்கள்

"நூலகத்துல நிக்க எடமில்லீங்க மேடம்!" என்று மாதேஸ்வரன் வாத்தியார் சொன்னபோது அவருடைய மீசைகூடப் பெருமையில் நிமிர்ந்து நின்றது.

இருக்காதா பின்னே? செம்மேட்டைத் தாண்டி மலைக்குள் ஒளிந்திருக்கிற பள்ளி. ஊர் ஊராய்க் கேட்டு வாங்கி அவர் சேர்த்த புத்தகங்கள். படிக்க ஆளில்லையென்றால் எல்லாவற்றையும் அடிவாரப் பள்ளிக்கு அனுப்பிவிடுவோம் என்று போன தடவையே கல்வி அதிகாரி மிரட்டிவிட்டுப் போயிருந்தார். இப்போது மதிய இடைவேளையில் பத்தாம் வகுப்பு மொத்தமும் அங்கேதான். வெள்ளிக்கிழமை அதிகாரி திரும்ப வருகிறாராம். நிற்க இடமில்லை என்று அவருக்கும் சொல்லியனுப்பியாயிற்று. வரட்டுமே!

தலைமையாசிரியை பூங்குழலி எட்டிப் பார்த்தார். அலமாரிப் பக்கம் ஈ காக்கை இல்லை. எல்லாரும் தெற்கு ஜன்னலை மொய்த்திருந்தார்கள்.

"சார், நம்ம ஸ்கூல்லயே டவர் கெடைக்கிறது அந்த ஜன்னல்கிட்ட மட்டுந்தானுங்க."

"அதுக்கென்னங்க?"

"புஸ்தகத்துக்குள்ள போனை ஒளிச்சு வெச்சிருக்காங்க."

மாதேஸ்வரன் ஜன்னலருகே போய்த் தன் போனை எடுத்துப் பார்த்தார். டவர் கோடு எல்லாம் முழுசாக இருந்தது. மீசை தொங்கிவிட்டது.

சும்மா விடுவாரா? ஜன்னலை மறைத்து இரும்பு பீரோவை நகர்த்தி வைத்தார். மறுநாள் பிள்ளைகள் பீரோவின் மேலேறி உட்கார்ந்தார்கள். அதன் கால் உடைந்தது.

கோபம் தலைக்கேறி, அந்த அறையைப் பூட்டிவிட்டு நூலகத்தையே சத்துணவு அரிசி மூட்டை அறைக்கு மாற்றினார். அங்கே டவர் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. அடுத்த மதியம் அறையில் அவரும் எலிகளும் மட்டும்.

"இருந்த கூட்டத்தையும் வெரட்டிப்போட்டு இப்ப யாருக்குங்க நூலகம்?" என்று கேட்டார் சமையல்காரர் கண்ணாயி.

"புள்ளைங்க எங்கீங்க?"

"ஸ்கூலுக்குப் பின்னால பாறை மேல. அங்க டவர் கெடைக்குதாம். புஸ்தகத்தையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

அவர்களைத் திருப்பிக் கூட்டி வருவதற்குள் வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது, அதிகாரியும் வந்துவிட்டார். மூட்டைகளைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுதான் நிக்க எடமில்லாத நூலகமா?"

"ஐயா, பாறைக்கு வாங்க. அங்கதான் இருக்காங்க" என்று வாய் தவறி உளறிவிட்டார் மாதேஸ்வரன்.

மூச்சு வாங்க ஏறினார்கள். பாறை மேல் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பத்தாம் வகுப்பு யமுனா. மடியில் விரித்த புத்தகம், புத்தகத்தின் மேல் போன். அதிகாரியைக் கண்டதும் கப்சிப்.

"பாத்தீங்களா? நீங்க குடுத்த புத்தகம் போனுக்கு மெத்தையா கெடக்கு. பெட்டி கட்டுங்க சார்" என்றார் அதிகாரி.

மாதேஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை புத்தகமும் போகப்போகிறதே! அந்த வேகத்தில் போனைப் பிடுங்கினார்.

"சார், கட் பண்ணிப்போடாதீங்க!" என்று பதறினாள் யமுனா.

கோயம்புத்தூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் அவளுடைய அப்பா வேலப்பனின் குரல் போனுக்குள்ளிருந்து பாறை முழுக்கக் கேட்டது:

"ஏங் கண்ணு படிக்கறதை நிறுத்திப்போட்டே? கெணத்துல உழுந்த ராசகுமாரி பொழைச்சாளா இல்லியா? சீக்கிரம் படி சாமி, இங்க மேஸ்திரியே கலவை மெசினை நிறுத்திப்போட்டு உக்காந்திருக்காரு!"