சீனியாரிட்டிப்படி துடைப்பம்

இனிமேல் என் ஞாயிற்றுக்கிழமைக் காலையை எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு ஸ்டூலைப் பிடித்தபடி சபதம் எடுத்தேன்.

ஸ்டூலின் மேல் என் மனைவி நின்றிருந்தாள். அவள் கையில் ஒட்டடைக் கோல், என் தலையில் ஒட்டடை. கீழ்வீட்டுக் கடிகாரக்காரர் அந்த நேரத்தில் சதுரங்கப் பலகையை விரித்துவைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். கடிகாரம் ரிப்பேர் செய்வது அவர் தொழில். எங்கள் கட்டடத்திலேயே எனக்கு ஈடுகொடுத்து ஆடக்கூடிய ஒரே ஆள். இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது ஞாயிறு காலை மட்டும்தான். போன வாரம் இன்னும் மூன்று நகர்த்தலில் அவர் ராஜாவை மடக்கியிருப்பேன். "என்னங்க, ஸ்டூலைப் பிடிக்க வாங்க" என்று மேலிருந்து குரல் வந்தது. பிடித்துவிட்டுத் திரும்பிப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. மனிதர் காய்களைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, தான் ஜெயித்துவிட்டதாக வேறு அறிவித்துவிட்டார்.

ஆறு நாள் என் மனைவிக்குத் தையல் கடை. அதனால் வாரம் முழுக்கச் சேரும் அழுக்கை ஞாயிறு ஒரே நாளில் தீர்த்துக்கட்டுவாள். இந்த முறையே தப்பு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் யார்? பஸ் டிப்போவில் டூட்டி சார்ட் போடுகிறவன். எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எத்தனை மணிக்கு எடுக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி போர்டில் ஒட்டினேன் என்றால் அதுதான் சட்டம். நூற்றுநாற்பது பேரை ஆட்டிவைக்கிறவனுக்கு மூன்று பேர் உள்ள வீடு எம்மாத்திரம்?

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதிவிட்டேன். வீட்டு வேலையைத் துண்டுதுண்டாக நறுக்கி, திங்கள் முதல் சனி வரை பரப்பினேன். ஒரு வேளைக்குக் கால்மணி நேரத்துக்கு மேல் இல்லை. ஞாயிறு கட்டம் பளிச்சென்று காலி. மனைவிக்கு இத்தனை, காலேஜில் படிக்கும் மகளுக்கு இத்தனை. என் பெயருக்கு நேராக 'மேற்பார்வை' என்று அடக்கமாக எழுதிக்கொண்டேன்.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. இதை ஏன் முன்னாடியே பண்ணல?"

நான் குளிர்ந்துபோனேன். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

"ஒரே ஒரு சந்தேகம்," என்றாள். "டிப்போல டூட்டியை முதல்ல யார் எடுப்பாங்க?"

"சீனியர்தான். சர்வீஸ் அதிகமா இருக்கறவர் தனக்குப் பிடிச்ச டூட்டியை எடுத்துக்குவார். அப்புறம் அடுத்தவர். மிச்சம் மீதி கடைசி ஆளுக்கு."

"அதுதான் நியாயம்னு சொல்வீங்க இல்ல?"

"அதைவிட நியாயம் உலகத்துலயே கிடையாதும்மா."

"இந்த வீட்டைச் சுத்தம் பண்றதுல எனக்கு இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ். உங்க பொண்ணு பத்து வயசுலேருந்து அவ ரூமை அவளே பெருக்கிக்கறா. அதுக்கு ஒரு ஒன்பது வருஷம். உங்களுக்கு எவ்வளவுங்க?"

ஸ்டூல் பிடித்த கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்து நிற்கிறவருக்கெல்லாம் டிரைவர் சர்வீஸ் கிடையாது என்று மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பெற்ற மகள்.

சீனியர் முதலில் எடுத்தாள். பூந்தொட்டிக்குத் தண்ணீர், நிலைக்கண்ணாடி துடைப்பது. அடுத்த சீனியர் தலையணை உறையையும் புத்தக அலமாரியையும் எடுத்துக்கொண்டாள். குளியலறை, கழிப்பறை, சமையலறைச் சுவர் எண்ணெய்ப் பிசுக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், ஜன்னல் வலை, பரண், தினமும் மூன்று அறை பெருக்கித் துடைப்பது எல்லாம் மிஞ்சின. மிஞ்சியது யாருக்கு என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். மேற்பார்வை என்ன ஆயிற்று என்று ஈனஸ்வரத்தில் கேட்டேன். நேற்றுச் சேர்ந்தவரை எந்த டிப்போவில் மேற்பார்வைக்குப் போடுகிறார்கள் என்று மனைவி திருப்பிக் கேட்டாள்.

"சரி, யாராவது லீவு போட்டா?" என்றாள்.

"அவருக்குப் பதிலா ஸ்பேர் போவார்."

"ஸ்பேர்ல யாரைப் போடுவீங்க?"

"புதுசாச் சேர்ந்தவரை."

பேனாவை அவளே மூடி கழற்றிக் கொடுத்தாள். "மத்தவங்களுக்கு நம்பர் போதும், ஸ்பேர் ஆளுக்கு மட்டும் பேரும் வீட்டு நம்பரும் தெளிவா எழுதணும்னு சொல்வீங்களே? தேடிப் போய்க் கூப்பிட வசதியா இருக்கணும்னு?"

ஆமாம், சொல்வேன். கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால் டிப்போ விதிகளைத்தான் சொல்லியிருக்கிறேன். அவள் பரிமாறிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பாடம் படித்திருக்கிறாள். புது சார்ட்டை நானே எழுதினேன். வேலைகளுக்கு நேராகப் பெயருக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சீனியாரிட்டி நம்பர். ஸ்பேர் என்ற இடத்தில் என் பெயர், இனிஷியலோடு, வீட்டு நம்பரோடு, கொட்டை எழுத்தில். கீழே கையெழுத்தும் போட்டேன். ஒட்டின சார்ட்டை ஆறு மாதத்துக்கு மாற்றக்கூடாது என்ற விதியையும் ஞாபகப்படுத்திவிட்டு, அவளே அதை ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

மறுநாள் சீனியர் லீவு. என்ன லீவு என்றேன். வாரம் ஒரு ஆஃப் வீதம் இருபத்திரண்டு வருஷத்துக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்துநான்கு நாள் பாக்கி இருக்கிறது, அதிலிருந்து ஒன்று என்றாள். பூந்தொட்டிக்கும் நானே தண்ணீர் ஊற்றினேன்.

காலை ஐந்தரைக்கு எழுந்தால்தான் ஏழு மணிக்குள் டூட்டி முடியும். நான் எழுதிய கால்மணி நேரத்தில் குளியலறையின் ஒரு மூலையைக்கூடத் தாண்ட முடியவில்லை. நூற்றுநாற்பது டிரைவர்களும் 'சார், இந்த நேரத்துக்குள்ள போக முடியாது' என்று ஏன் புலம்புகிறார்கள் என்று அங்கே குந்தியிருந்தபோதுதான் புரிந்தது.

இன்னொன்றும் புரிந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய துண்டு நாலாக மடித்துக் கிடக்கும். கந்தலை எதற்கு இங்கே போட்டிருக்கிறாய் என்று சத்தம்போட்டு நானே இரண்டு தடவை தூக்கி எறிந்திருக்கிறேன். அவள் இன்னொன்றை மடித்துப் போட்டுவிடுவாள். மூன்றாம் நாள், ஈரத் தரையில் முட்டி போட்டுத் தேய்க்க முடியாமல் எதையாவது கீழே போடலாமா என்று திரும்பினேன். துண்டு அங்கே இருந்தது. அவள் முட்டி அழுந்தி அழுந்தி நடுவில் இரண்டு இடம் நைந்திருந்தது. அதே இடத்தில் என் முட்டியை வைத்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு நாளும் அந்த அறையில் வழுக்காமல், நாற்றமில்லாமல், பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தவன் நான்.

வெளியே வந்து அவளிடம் சொன்னேன். "இத்தனை வருஷமா இதையெல்லாம் நீ ஒருத்தியே பண்ணியிருக்கே. நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. மனசாரச் சொல்றேன்மா, ரொம்ப நன்றி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கினாற்போலத்தான் இருந்தது. பிறகு, "குழாய்க்குக் கீழே நுரை நிக்குது பாருங்க," என்றாள்.

மூன்று வாரத்தில் வீடு பளபளத்தது. நான் கேட்ட காலி ஞாயிறும் கிடைத்தது. என்ன, மூன்று ஞாயிறும் அடித்துப்போட்ட மாதிரி மத்தியானம் வரை தூங்கிவிட்டேன். அவள் காலையிலேயே மொட்டைமாடிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சீனியரைக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் டிப்போவில் இல்லை.

நாலாவது ஞாயிறு எட்டு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. குளித்து, சட்டை மாற்றி, கடிகாரக்காரர் வீட்டுக்கு இறங்கினேன். கதவைத் திறந்தவர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் பிரஷ். முகத்தில் என்மேல் அப்படி ஒரு வெறுப்பு.

"வாங்க சார், வாங்க. உங்களைத்தான் கூப்பிடலாம்னு இருந்தேன்."

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள். என் கையெழுத்து. என் கட்டங்கள். நகல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அவர் வீட்டில் ஒன்றாம் நம்பர் யார், கடைசி நம்பர் யார் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கட்டடத்துப் பெண்கள் அத்தனை பேரும் அங்கே கூடியிருந்தார்கள் போலிருக்கிறது. அதில் என் மனைவியின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது. பெண் பார்க்கப் போன அன்று உள்ளறையிலிருந்து கேட்ட அதே சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று எனக்கே தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷத்துக்காக ஆறு மாதம் என்ன, ஆயுள் முழுக்கத் தேய்க்கலாம் என்று தோன்றியது.

"ஆட்டம் போடலாமா?" என்றேன்.

"தாராளமா. காயை அடுக்கிவைக்கிறேன். நேத்து டூட்டில பாத்ரூம் பாக்கி. எனக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு, லீவு சொல்லிட்டேன். நீங்க பாத்ரூமை முடிச்சிட்டு வந்துடுங்க." பிரஷ்ஷை என் கையில் திணித்துவிட்டு, சுவரில் இருந்த தாளின் அடியைத் தொட்டுக் காட்டினார். ஸ்பேர் என்ற இடத்தில் என் பெயர், இனிஷியலோடு, வீட்டு நம்பரோடு, கொட்டை எழுத்தில்.

எங்கள் கட்டடத்தில் மொத்தம் பன்னிரண்டு வீடு. என் மனைவி எடுத்தது பதினொரு நகல்.