நல்ல தண்ணி: ஓர் ஆய்வு

உலகச் சிறுகதையின் போக்கையே நாங்கள் தூத்துக்குடியில், ஓர் உப்புக் கிட்டங்கியில் வைத்து, 1974 மே மாதத்து ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாற்றியமைத்தோம். உலகத்துக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. அது உலகத்தின் தலையெழுத்து. ஆய்வு மன்றச் செயலாளர் என்ற முறையில் என் கடமையைச் செய்கிறேன்.

மன்றத் தலைவர் பால்துரை அண்ணாச்சி. நூறு ஏக்கர் உப்பளம் அவருடையது. மனு என்றால் கையால் தொட மாட்டார். கதை என்றால் கடைசி வரி வரை அசையாமல் கேட்பார். அப்பேர்ப்பட்ட ரசிகர். இது அவர் அளத்தில் உப்பு வாரும் தங்கத்தாய்க்கும் தெரிந்திருக்கிறது. எங்கள் போட்டிக்கு "நல்ல தண்ணி" என்று ஒரு கதை அனுப்பிவிட்டாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, குடிக்கத் தண்ணீர் தேடி வெயிலில் இரண்டு மைல் நடந்து, பாதி வழியில் மயங்கி விழுகிறாள். கதை அவ்வளவுதான்.

"களமும் சூழலும் கருவை உருவாக்கும் விதம்" குறித்து உரையாற்றப் பேராசிரியர் வெள்ளத்துரை திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். அவருக்கு எல்லாத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான்.

"வெறுமனே தண்ணீர் என்னாமல், 'நல்ல' தண்ணீர் என்பானேன்?" என்று ஆரம்பித்தார். "அந்த அடைமொழி அறத்தைத் தேடுகிறது. உப்புக் குவியல், வாழ்வின் வெறுமை. வெயில், ஊழ். தாகம், ஆன்மாவின் தாகம்."

கேட்டு நாங்கள் கண் கலங்கினோம். ஆளுக்கு இரண்டு பாட்டில் கலர் குடித்தோம்.

தங்கத்தாய் எழுந்தாள். "ஐயா, பாத்தியில கெடக்கது உப்புத் தண்ணி. குடிக்கது நல்ல தண்ணி. இங்கன எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

"படைப்பாளிக்குத் தன் படைப்பின் ஆழம் தெரியாதம்மா" என்றார் பேராசிரியர், பரிவோடு.

"ஆழம் தெரியும்யா. நாப்பது அடி தோண்டினாலும் உப்புத்தான்." பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, போன வாரம் மயங்கி விழுந்தது என் மக செல்லக்கனி. அவளுக்கு அஞ்சு மாசம். அளத்துல ஒரு தொட்டி வச்சி, நல்ல தண்ணி ஊத்தச் சொல்லுங்க. அதுக்குத்தான் கதையே எழுதுனேன்."

அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதார். அவர் மனசு அப்படி.

"வைக்கலாம் தங்கத்தாய். ஆனா தொட்டி வந்துட்டுன்னா கதையோட சூழல் என்னத்துக்கு ஆகும்? நீங்க சொல்லுங்க பேராசிரியரே."

பேராசிரியர் கண்களை மூடி யோசித்தார். "சூழல் கெடும். அதன் பிறகு கரு கலைந்துவிடும்."

"தொட்டி வைக்காட்டாத்தான்யா கலையும்" என்றாள் தங்கத்தாய்.

இப்படியொரு கடைசி வசனத்துக்குத் தொட்டி என்ன, கிணறே வெட்டிக் கொடுக்கலாம். நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம்.