உடன் வந்தவர்

"உடன் வந்தவர்னு போட்டிருக்கிற இடம் காலியா இருக்கே சார்?"

கவுண்டர் நர்ஸுக்குப் பதில் சொல்ல சர்வேயர் உடம்போடு திரும்பினார். நேற்றிலிருந்து கழுத்து அசையவில்லை. லேசான காய்ச்சல் வேறு. வேலை பார்த்த முப்பது வருடமும் முக்காலியில் அவர் வைத்துச் சுழற்றிய கருவிக்குக்கூடத் தலை தனியாகத் திரும்பும்.

"யாரும் வரலம்மா."

"ஆள் இல்லாம ஸ்கேன் எடுக்க மாட்டாங்க."

வீட்டிலும் ஆள் இல்லை என்று எழுதப் படிவத்தில் இடம் இல்லை. ஒரு மணி நேரம் காத்திருந்த அதே நாற்காலிக்குத் திரும்பினார். சுற்றிலும் அத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடந்தும், இடது பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க சர்வேயர் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது.

"தப்பா நினைக்காதீங்க. உங்களை என் அக்கான்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ."

ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

"காய்ச்சல் எத்தனை நாளா?" என்று கேட்டார் டாக்டர், இருவரும் உள்ளே போய் உட்கார்ந்ததும்.

சர்வேயர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "பத்து நாளா கொதிக்குது டாக்டர். சொன்னா எங்க கேக்கறான்!"

டாக்டரின் முகம் மாறியது. "பத்து நாளா? கழுத்தும் திரும்பலையா? மூளைக்காய்ச்சலா இருக்கலாம். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்கணும்."

"ஐயோ, நேத்துலருந்துதான் டாக்டர்!"

"பாருங்க, உளற வேற ஆரம்பிச்சுட்டான்."

"அக்கா, போதும்!"

"சும்மா இருடா."

அவரை யாராவது 'டா' போட்டு எத்தனை வருடம்! ஊசிக்குச் சம்மதித்துவிட்டார்.

நல்லவேளை, ஸ்கேன் முடிவு முதலில் வந்தது.

"ஊசி வேண்டாம்" என்றார் டாக்டர். "மூட்டுல படியற கால்சியம் படிகம். பெரும்பாலும் முட்டியில வரும். உங்களுக்குக் கழுத்துல, ரெண்டாவது எலும்பைச் சுத்திக் கிரீடம் மாதிரி உட்கார்ந்திருக்கு. வலி, காய்ச்சல் எல்லாம் அதனாலதான். மாத்திரையில அடங்கிடும்."

"சின்ன வயசுலருந்தே இவனுக்கு ராஜான்னு நினைப்பு" என்றார் அக்கா.

சர்வேயர் மாத்திரை வாங்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்தபோது அக்காவைக் காணவில்லை. நர்ஸ் ஒரு தாளை நீட்டினார். "இதுல அக்கா வந்ததும் கையெழுத்துப் போடணும். மூணு நாள் அவங்க உங்க கூட இருந்து பார்த்துக்கணும்."

இதற்கு மேல் பொய் தாங்காது.

"அவங்க என் அக்கா இல்லம்மா. எனக்கு யாருமே இல்ல."

நர்ஸ் இன்னொரு படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"அப்ப இதை என்ன சார் பண்றது? உங்களுக்கு முன்னாடியே அந்தம்மா, 'உடன் வந்தவர்: தம்பி. நீலச் சட்டை, கழுத்து திரும்பாது'ன்னு எழுதிக் குடுத்துட்டு, இப்ப கண் ஆபரேஷனுக்கு உள்ள போயிருக்காங்களே!"