சாமியின் முழங்கால்

என் மனைவியின் இடது கால், சாமிக்கு ஏழாயிரத்து இருநூற்று முப்பது ரூபாய் பாக்கி வைத்திருந்தது. வலது கால் நாணயமானது, அவ்வளவாக மரக்காது.

கணக்கு இதுதான். சம்மணம் போட்டுத் தியானத்தில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறதல்லவா? அது போன பிறவிப் பாவம் இறங்கிக் காலில் தேங்குவதாம். தேங்கியதை, கால் மரக்காத சாமி தன் காலில் வாங்கிக்கொள்வார். நிமிஷத்துக்குப் பத்து ரூபாய். அவர் மட்டும் ஒரே கட்டையில் செதுக்கிய பீடத்தில் மூன்று மணி நேரம் முழங்கால் அசையாமல் இருப்பார். கூடம் நிரம்பி, தெருவிலும் ஜனம் சம்மணம் போட்டிருந்தது. மருந்து எழுதித் தரும் டாக்டரே வரிசையில் நின்றார். தன் கால் ஏன் மரக்கிறது என்று அவருக்கே தெரியவில்லையாம்!

"வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா பாவம் இடுப்புக்கு ஏறிடும்மா. பணம் இல்லேன்னா தையல் மிஷினைக் குடு" என்று சாமி கருணை காட்டினார். எங்கள் வீட்டு அடுப்பில் பாதி அந்த மிஷினால் எரிகிறது.

"ஏங்க, குடுத்துடுவோம். இடுப்புக்கு ஏறிட்டா?"

"முப்பது வருஷமா மூட்டை ஏறுது என் முதுகுல. அதுக்கு எவன் பரிகாரம் சொன்னான்? இந்தா, என் தலைச் சும்மாட்டை மடிச்சு அடியில வச்சு உக்காரு. மரத்தா காலை நீட்டு."

"நீட்டுறதா? பாவம் சிந்திடும்ல!"

வெள்ளிக்கிழமை வந்தது. கூட்டம் தாங்காமல் சாமி அன்று மாலை பெரிய கூடத்துக்கு மாறுவதாக இருந்தார். சாமான் தூக்க நாலு பேரைக் கூப்பிட்டார்கள், அதில் நானும் ஒருவன். காலையில் ஆளில்லாத நேரம் பீடத்துக்குத் தோள் கொடுத்துப் பார்த்தேன். ஒரே கட்டை என்றால் எட்டுப் பேராவது வேண்டும். அது காலிப் பெட்டி மாதிரி எழும்பியது. வாய் பொய் சொல்லும், தோள் சொல்லாது. மெல்ல இறக்கிவிட்டு வந்தேன்.

மாலையில் சாமி பீடத்தில் இருந்தார். என் மனைவி மிஷினைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நின்றாள். நான் உரக்கச் சொன்னேன்:

"சாமி நடக்கலாமா? உக்காந்தபடியே தூக்கிட்டுப் போறோம். கூலி வேண்டாம்!"

"ஆகா!" என்றது கூட்டம்.

"வேண்டாம்ப்பா... ஊர்ப் பாவமெல்லாம் என் கால்ல இருக்கு, கனக்கும்..."

"சிமெண்ட்டை விடவா சாமி? டேய், பிடிங்கடா! ஒண்ணு, ரெண்டு, தூக்கு!"

தூக்கினோம். மேலே மடித்த முழங்கால் இரண்டு. கீழே, அடிப்பலகை இல்லாத பீடத்துக்குள்ளிருந்து, கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு, தரையைத் தேடித் துழாவும் கால் இரண்டு.

முன்வரிசைப் பெரியவர் எழுந்தார். "சாமிக்கு நாலு காலு! கும்பிடுங்க!" பாதிக் கூட்டம் விழுந்து கும்பிட்டது. என்ன செய்வது!

என் மனைவி மட்டும் விழவில்லை. கிட்டே போய் முழங்காலில் இருந்த தையலைத் தடவினாள்.

"ஏங்க, இது நான் தச்ச தலையணைங்க! ஒருத்தன் வந்து வளைவா வேணும்னு அளவு குடுத்துட்டுப் போனான். கூலி எண்ணூறு இன்னும் வரல!"

நூலைப் பிடித்து இழுத்தாள். சாமியின் முழங்காலிலிருந்து பஞ்சு கொட்டியது. பீடத்தை இறக்கினோம். கால் தரையில் பட்டதும் சாமி பீடத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டே ஓடி, வாசல் நிலையில் சிக்கிக்கொண்டார்.

"அப்போ எங்க பாவமெல்லாம் என்ன ஆகும்?" என்றார் டாக்டர்.

"எழுந்து காலை உதறுங்க" என்றாள் என் மனைவி.

இருநூறு பேர் உதறினார்கள். ரெண்டு நிமிஷத்தில் எல்லாருக்கும் பாவம் போய்விட்டது.

சிக்கிய சாமியின் மடியைத் தடவித் தன் எண்ணூறை எண்ணி எடுத்தாள். சாமியின் கணக்கு நோட்டைத் திறந்து தன் பெயருக்கு நேரே எழுதினாள்: 'காலை உதறியாச்சு. பாக்கி இல்லை.' மிஷின் வந்த வண்டியிலேயே திரும்பியது.

கால் மரத்தால் உடனே கிள்ளிப் பார்க்கிறவர்களே, கழுத்துக்கு மேலேயும் ஒருமுறை கிள்ளிப் பாருங்கள்!