குசினிப் பிரெஞ்சும் இரண்டு பள்ளிக்கூடங்களும்

பிரெஞ்சில் 'நீங்கள்' என்பதற்கு 'வூ' என்று ஒரு சொல் இருப்பது தெரிந்தும் இருபது வருடமாக நான் அதைப் பாவித்திருக்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு நான்கு நாடுகள், இரண்டு தடுப்பு முகாம்கள், கடைசியில் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் ஒரு உணவகத்தின் குசினி. அங்கே முதலாளியிலிருந்து சட்டி வரை எல்லோருக்கும் 'தூ', அதாவது 'நீ'தான்.

மகள் பதினாறு வயதில் பள்ளிக்கூடம் போக மறுத்து நான்கு மாதம் அறைக்குள் கிடந்தாள். அந்தப் பெரிய லிசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில், தனக்கு மூச்சு முட்டுகிறது என்றாள். அதிபர் எங்களைக் கூப்பிட்டார். நான் கோட் போட்டுக்கொண்டு போய், மிகப் பணிவாக, என் குசினிப் பிரெஞ்சில் கேட்டேன்: "நீ என்ட பிள்ளைக்கு என்ன செய்யப்போறாய்?"

அதிபரின் புருவம் நெற்றியின் உச்சிக்குப் போனது. (தப்பி ஓட வழி தேடி மகள் யன்னலின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.)

"அப்பா, அவர் என்ன உங்களோட கோப்பை கழுவுறவரே?" என்று படியிறங்கும்போது கேட்டாள்.

அதிபரே இன்னொரு லிசேயைச் சொன்னார். அதுவும் அரசாங்கத்தினுடையதுதான், ஆனால் சின்னது. மணி அடிக்காது. மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து சமைப்பார்கள், சேர்ந்து முடிவெடுப்பார்கள். பெற்றோரோடு நேர்முகத்துக்குப் போகவேண்டும். அவர்கள் எடுக்காவிட்டால் மகளுக்குத் திரும்பவும் அந்த அறைதான்.

"இஞ்சேருங்கோப்பா, அங்கை வாயைத் திறந்தால் 'வூ' எண்டு திறவுங்கோ" என்றாள் மனைவி. ஒரு கிழமை முழுக்க, 'வூ' சொன்னால்தான் சோறு.

போனோம். கணக்கு ஆசிரியர் பள்ளிக்கூடக் குசினியில் ரீசேட்டோடு நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "நீதான் கணக்குப் படிப்பிக்கிறியா?" என்று மகள் பிரெஞ்சில் கேட்டுச் சிரித்தாள். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. நான் அதைக் கவனிக்கவில்லை. அந்தத் 'தூ' மட்டும்தான் காதில் விழுந்தது.

"வாத்தியாரை நீ எண்டு கதைக்கிறியோ? மரியாதை தெரியாதே?" என்று தமிழில் கத்தினேன். குசினியே திரும்பிப் பார்த்தது.

"இங்கே எல்லோரும் 'நீ'தான்" என்றார், மகளிடம் விஷயத்தைக் கேட்டறிந்த ஆசிரியர்.

"பிழை! 'வூ' ஒரு ஆசிரியர். 'வூ' வெங்காயம் வெட்டக்கூடாது!" என்று சொல்லி, கத்தியை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே வெட்டத் தொடங்கினேன். (கை பழகிய வேலை. நல்ல வேகம்.) ஒரு கூடை முடிந்து நிமிர்ந்தபோது மகளைக் காணவில்லை.

மெத்ரோ ரயிலில் எனக்கு மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அறைக்கதவு மூடியது. என் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று மனைவி கேட்டாள். வெங்காயம் என்றேன். பாதிதான் உண்மை.

மூன்றாம் நாள் அந்த ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். இந்த முறை மகள் தனியாக வரட்டும் என்றார். தனியாகப் போனாள். இடம் கிடைத்தது.

இப்போது அங்கே எல்லோரையும் 'நீ' என்று கூப்பிடும் என் மகள், உலகத்தில் ஒரேயொரு ஆளைத்தான் 'முசியே', அதாவது 'ஐயா', என்று அழைத்து 'வூ' போடுகிறாள். "முசியே, 'வூ' அந்த உப்பை எடுத்துத் தருவீர்களா?" மனைவி ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். உப்பைக் கொடுத்துவிட்டு நானும் சிரிக்கிறேன், கொஞ்சம் பிந்தி.