நான்கு லேத்தும் ஒரு துண்டும்

"நாலு லேத்தை ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓட விடு. என் கண்ணைக் கட்டிடு. எது நல்ல லேத்துன்னு மட்டுமில்ல, எதுக்கு என்ன வியாதி, எது எப்ப மண்டையைப் போடும்னும் சேர்த்துச் சொல்றேன்," என்றாள் அக்கா.

தம்பிக்கு டீ புரையேறியது.

தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை. தலையில் முடி உதிர்ந்து, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றவர். உத்தியோக காலம் முழுக்க அடுத்தவர் சொன்னதை நம்பாமல் இருந்ததற்காகவே சம்பளம் வாங்கியதால் குடும்பத்தில் அவருக்கு ஆடிட்டர் என்று பெயர். மழை பெய்கிறது என்று சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "யாராவது மாடியில செடிக்குத் தண்ணி ஊத்தறாங்களா இருக்கும்" என்பார்.

அக்கா அதற்கு நேர் எதிர். தொழிற்சாலையில் லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் இரும்பைக் கடையும் டர்னராக இருந்தவள். ஒரு தலைமுடியை லேத்தில் மாட்டி அதில் ஸ்க்ரூவுக்குப் போல மரை வெட்டியதாகச் சொல்வாள். அதற்குப் பொருத்தமான நட்டையும் செய்ததாகவும், அது தும்மலில் பறந்துவிட்டதாகவும் சொல்வாள்.

"அடிச்சு விடறதுக்கும் ஒரு அளவு வேணும்க்கா," என்றார் ஆடிட்டர்.

"எதிர்ல வந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லு."

அது அவளுடைய பழக்கம். பக்கவாட்டில் நின்று பேசுகிறவனுக்கும் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவனுக்கும் பதில் கிடையாது. சுத்தத் திமிர் என்று ஆடிட்டர் எப்போதோ முடிவு கட்டியிருந்தார். எழுந்து வந்து முகத்துக்கு நேரே மறுபடி சொன்னார்.

"சரி, பந்தயம்," என்றாள் அக்கா. "நான் தோத்தா நம்ம வீட்டுப் பின் ரூம் உன் மீன் தொட்டிங்களுக்கு. ஜெயிச்சா அங்க என் லேத் உட்காரும். நடந்ததை நடந்ததுன்னு உன் வாயால நீ சொல்லணும்."

சும்மா சொல்லவில்லை அவள். ஆயுள் முழுக்க ஊரான் லேத்தில் ஊரான் சாமானைக் கடைந்தவள். தனக்கென்று ஒரு சின்ன லேத், அதைச் சுற்றித் தனக்கென்று நாலு சுவர், இதைத்தான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து கனவு கண்டுகொண்டிருந்தாள். கனவைத் தூக்கிப் பந்தயத்தில் வைத்துவிட்டாளே என்று அவள் கணவர், ஆடிட்டரின் அத்தான், தலையில் கை வைத்துக்கொண்டார். ஆடிட்டருக்கோ மீன்கள் அப்போதே பின் அறையில் நீந்தத் தொடங்கிவிட்டன.

பழைய இயந்திரம் விற்கும் கடைக்கு மூவரும் போனார்கள். நீளமான கொட்டகை. நடுவே மேசை உயரத்தில் நான்கு சின்ன லேத்துகள், நான்கும் புதுக் கிளிப்பச்சைப் பெயின்ட்டில். ஒரே வயிற்றில் பிறந்தவை போலிருந்தன.

"நாலும் நல்ல சரக்குங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்," என்றார் கடைக்காரர்.

"அதுக்குத்தான் வந்திருக்காங்க," என்றார் ஆடிட்டர்.

அக்கா செருப்பை வாசலிலேயே கழற்றினாள். "எண்ணெய்த் தரை. வழுக்கும்." பிறகு துண்டு கட்ட வசதியாகத் திரும்பி நின்று, மூக்குக் கண்ணாடி, கொண்டை ஊசி, இன்னும் என்னென்னவோ கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து அத்தான் கையில் கொடுத்தாள். தம்பியிடம், "மெஷின் ஓடினதும் தோளைத் தட்டு. வாயைத் திறக்காதே. உன் குரல் குறுக்கே வந்தா எனக்கு எல்லாம் கெட்டுடும்."

ஆடிட்டர் துண்டை எடுத்து, கண், நெற்றி, காதோரம் எல்லாம் சேர்த்து, தலையில் அடிபட்டவளுக்குக் கட்டுப்போடுவது போல் இறுக்கிக் கட்டினார்.

முதல் லேத் ஓடியது. தோளைத் தட்டினார்.

அக்கா அசையாமல் நின்றாள். பிறகு, "பெல்ட்ல ஒட்டுப் போட்டிருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு விக்கல்," என்றாள்.

கடைக்காரர் விரலை நீட்டுமுன்பே அவர் முகம் பெல்ட்டைக் காட்டிக்கொடுத்தது.

ஆடிட்டருக்குச் சந்தேகம் அத்தான்மேல் போனது. இருமுகிறார், அதில் ஏதோ சைகை இருக்கிறது. அத்தானை வாசலுக்கு அனுப்பினார். துரத்தப்பட்ட கோபத்தில் அத்தான் அங்கிருந்து இன்னும் பலமாக இருமினார்.

இரண்டாவது லேத். தட்டல்.

"முன் பேரிங் போச்சு. உள்ள ஒரு குண்டு உடைஞ்சிருக்கு. நிமோனியா. மழைக்காலம் தாங்காது."

கடைக்காரர் அந்த லேத்திடமே மன்னிப்புக் கேட்பது போல அதைத் தடவிக் கொடுத்தார்.

ஆடிட்டரின் கண்ணில் மீன்கள் தலைகீழாக மிதந்தன. இனி நியாயம் பார்த்தால் ஆகாது. காதால்தானே கண்டுபிடிக்கிறாள், அந்தக் காதைக் கெடுத்துவிட்டால்? கடை ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தார். போதவில்லை. மூலையில் கிடந்த காலித் தகர டின்னை இடது கையில் தூக்கிப் பிடித்து, ஸ்பேனரால் அக்காவின் காதருகில் டமார் டமார் என்று அடித்தார். கூரையில் இருந்த புறாக்கள் அன்று போனவைதான், இன்னும் திரும்பவில்லையாம். அடுத்த தெருவில் ஒரு குழந்தை முதன்முதலாகப் பேசியதாம், "போதும்" என்றதாம்.

அக்காவின் புருவம்கூட அசையவில்லை.

அந்த இரைச்சலில் மூன்றாவது லேத்தை ஓட விடச் சொல்லிவிட்டுத் தோளைத் தட்டினார்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "இதுதான். பட்டு. இதை வெச்சுக்கிட்டு நான் தூங்கலாம்."

ஆடிட்டர் விடுவாரா. நான்காவதாக, முதல் லேத்தையே மறுபடி ஓட்டச் சொல்லிக் கண்ணடித்தார்.

"இந்த விக்கல் ஏற்கெனவே வந்துட்டுப் போச்சு. அடுத்ததைக் காட்டு."

அடுத்ததாக எதையுமே ஓட்ட வேண்டாம் என்று கடைக்காரருக்குக் கை காட்டிவிட்டு, டின்னை மட்டும் வெறிகொண்டு அடித்தபடி முழங்கையால் தோளைத் தட்டினார்.

"எதுவும் ஓடலையே. யாரை ஏய்க்கிறே?"

ஸ்பேனர் கை நழுவி விழுந்தது. வேறு வழியில்லாமல் உண்மையான நான்காவதை ஓட விட்டார்கள். "இதுக்குக் கால் நொண்டி. சாதுதான், ஆனா நேரா நடக்காது," என்றாள்.

ஆடிட்டர் ஆடிட்டர்தான். நான்கிலும் ஆளுக்கொரு கம்பி கடைந்து காட்டச் சொன்னார். கம்பியின் இரண்டு முனையும் ஒரே கனம் வந்தால் லேத் ஒழுங்கு. கடைக்காரர் மைக்ரோமீட்டரால் அளந்தார். மூன்று லேத்தில் ஒரு முனை குண்டு, ஒரு முனை ஒல்லி. மூன்றாவது லேத்தின் கம்பி மட்டும், எங்கே பிடித்தாலும் ஒரே அளவு. கடைக்காரரே அக்காவின் கண்கட்டை அவிழ்த்து, அந்தக் கம்பியை அவள் கையில் வைத்தார். அவள் அதைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

ஆடிட்டருக்குத் தன் தலைக்குள் இன்னும் டின் அடித்துக்கொண்டிருந்தது. லேத்தை நோக்கித் திரும்பி நின்ற அக்காவின் முதுகைப் பார்த்து, "உனக்குப் பாம்புச் செவிக்கா," என்றார்.

பதில் இல்லை.

"அக்கா, உன்னைத்தான். பாம்புச் செவின்னேன்." ஜெயித்தபின்னும் என்ன திமிர்.

அத்தான் உள்ளே வந்து கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். மூக்குக் கண்ணாடிக்கும் கொண்டை ஊசிக்கும் நடுவே, இத்தனை நாள் கூந்தல் மறைத்திருந்த, அவரைக்கொட்டை அளவில் இரண்டு காது மிஷின்கள்.

"நீ தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது மச்சான். அவ செவி ரெண்டும் இவ்வளவு நேரம் என்கிட்டதான் இருந்தது."

ஆடிட்டரின் பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. எண்ணெய்த் தரையில் அக்காவின் வெறும் பாதங்கள், பத்து விரலையும் விரித்துக்கொண்டு நின்றன. மூன்றாவது லேத் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றி, சிமென்ட்டில் காலை வைத்தார். உள்ளங்காலில் மெல்லிய, சீரான ஓர் அதிர்வு கூசியது. பட்டு.

அத்தான் அக்காவின் தோளைத் தட்டி மிஷின்களை நீட்டி, தம்பி பக்கம் ஜாடை காட்டினார். அவள் அவற்றைக் காதில் மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"ஏதோ சொன்னியாமே. எதிர்ல வந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லு."

ஆடிட்டர் வெறுங்காலோடு எதிரே வந்து நின்றார்.

"நடந்ததுக்கா. சத்தியமா நடந்தது. டின் அடிச்சவனே சொல்றேன்."