மலைக்குக் கொடுத்தனுப்பிய நொய்ப் பொங்கல்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
சித்திரை மாதம்.

என் பிரியமுள்ள தங்கை தேவகிக்கு அக்கா கிருஷ்ணவேணி எழுதிக்கொண்டது. வாலாஜாபாத்தில் அம்மாவும் நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தைகளும் ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் அம்மா உடனே பஸ் ஏறிவிடும். ஆகையால் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். இதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டு.

நான் பர்வதமலை ஏறிவிட்டதாக யாரோ சொல்ல, அம்மா அழுவதாக எழுதியிருந்தாய். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்பும் முன்னே மலைக்கோயில் ஏறக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர், உன் மாமா, போய்ச் சேர்ந்து வருகிற ஆவணிக்குத்தானே வருஷம்? நான் அடிவாரத்தோடு சரி. நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

மாமா சித்திரைப் பௌர்ணமி தவறாமல் நம் தெரு பஜனைக் கோஷ்டியோடு அந்த மலைக்குப் போவார், ராத்திரியெல்லாம் ஏறி வருகிற ஜனங்களுக்கு உச்சியில் சூடாகப் பொங்கல் கிண்டி ஆளுக்கு ஒரு கரண்டி போடுவார், உனக்குத் தெரிந்ததுதான். வீட்டில் சொம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத மனுஷன் அங்கே போய் அடுப்பு மூட்டுவாராம். அவர் போன முதல் வருஷமே அந்தக் கரண்டி நின்றுபோனால் அவர் இன்னொரு தரம் செத்த மாதிரி என்று எனக்குப் பட்டது. கோஷ்டித் தலைவர் அப்பாதுரையிடம் போய்க் கேட்டேன். "அவரு அரிசி மூட்டைய தோள்ல போட்டுக்கினு ஏறுவாரும்மா. எங்களுக்கு எங்க உடம்பையே மேல கொண்டும்போவ முடியல" என்று கையை விரித்துவிட்டார்.

சரி, கனம்தானே குறை என்று நான் உட்கார்ந்து யோசித்தேன். புழுங்கலரிசியைப் பொரிகிற பதத்துக்கு வறுத்து நொய்யாக உடைத்தேன், பாசிப்பருப்பையும் வறுத்து உடைத்தேன், மிளகு சீரகம் சுக்கு உப்பு எல்லாம் போட்டுக் கலந்து துணிப்பையில் கட்டினேன். தண்ணீர் கொதித்ததும் போட்டுக் கிளறி மூடினால் நிமிஷத்தில் பொங்கல், விறகும் வேண்டாம், திரி ஸ்டவ்வே போதும். அப்பாதுரை பையை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா இது, குருவிக்குப் போடறதா?" என்றார். வயிற்றுக்குள் போனால் பூரிக்கும், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றேன்.

ஆரணி போய், போளூர் போய், அடிவாரம் சேர்ந்து, சாயங்காலம் அவர்களை ஏற்றிவிட்டு, கோஷ்டியோடு வந்த முழங்கால் வலிக்கார வள்ளியோடு நான் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் கோஷ்டிப் பையன் சிட்டிபாபு இறங்கி வந்து சொல்லித்தான் மேலே நடந்த கூத்து தெரியும். காற்றில் ஸ்டவ் அணைந்து அணைந்து எரிந்ததாம். எல்லாரும் வேட்டியை விரித்து மறைப்புக் கட்டினார்களாம். தண்ணீர் கொதித்ததாம், நொய்யைப் போட்டார்களாம், அது கட்டி தட்டியதாம். அங்கேதான், தேவகி, வந்தது வினை. அத்தனை பேரும் தறிக்காரர்கள். ஜன்மத்தில் அவர்கள் அடுப்பில் வைத்தது தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குத் தடவுகிற கஞ்சிப் பசை ஒன்றுதான், அதில் கட்டி இருந்தால் இழை அறுந்துபோகும் என்று துணியில் வடிகட்டித்தான் தடவுவார்கள். சிட்டிபாபு இன்னும் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றி அடித்துக் கலக்கி, தோள் துண்டை விரித்து வடிகட்டிப் பிழிந்து, அரிசி பருப்பு மிளகு எல்லாவற்றையும் சக்கை என்று பாறைக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டான். விடிந்ததும் குரங்குகள் பந்தி உட்கார்ந்து தின்றனவாம். இவர்கள் ஆளுக்கொரு டம்ளர் வெள்ளைத் தண்ணீர் குடித்தார்கள். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவன், "கையி தானா செஞ்சிடுச்சிக்கா. நல்ல பதம். ஒரு கட்டி இல்ல" என்கிறான். அப்பாதுரை அவனைத் திட்டாமல், பட்டுப் பாவுக்கு இது கொஞ்சம் நீர்த்த பதம்தான் என்று சொன்னார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, அத்தனை பேர் நடுவில் சிரித்துவிட்டேன்.

மிச்சம் வைத்திருந்த நொய்யை அடிவாரத்திலேயே கிண்டி அவர்களுக்குப் போட்டு ஊர் வந்து சேர்ந்தோம். மேலே போட வேண்டியதைக் கீழே போட்டேனே என்ற குறைதான். வேறொன்றுமில்லை. அம்மாவுக்கு என் நமஸ்காரம், உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு, குழந்தைகள் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அக்கா,
கிருஷ்ணவேணி

பி.கு: இதை அம்மாவுக்குப் படிக்காதே. வள்ளி குறட்டை விட ஆரம்பித்ததும் மிச்ச நொய்யை மடியில் கட்டிக்கொண்டு நானும் ஏறிவிட்டேன். சிட்டிபாபு சொன்னதாக எழுதியதெல்லாம் என் கண்ணால் பார்த்தது. பிடித்து ஏறக் கடப்பாரை அடித்து வைத்திருக்கிற செங்குத்துப் பாறையில் என்னை இழுத்து ஏற்றிவிட்டவர்கள் யாரோ செய்யாற்றுக்காரர்கள். சிட்டிபாபு சக்கையை வீசின கையோடு கரண்டியைப் பிடுங்கி நானே கிண்டினேன். கேட்டவர்களுக்கெல்லாம் மாமா பேரைச் சொல்லி ஒரு கரண்டி போட்டேன், உச்சியிலேயே. கடைசியாக அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்றபோது, மாமா போனதற்குப் பிறகு முதல் தடவையாக நாக்குக்கு உப்பு தெரிந்தது. தீட்டு என்று பயப்படாதே. சாமி பக்கம் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டேதான் கிண்டினேன்.